மூச்சை விடாதே

திருப்பதி அருகே வடமாலபேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஹேமநாத்தைக் காட்டி, "தம்பியச் சுறாவுக்குக் குடுத்துட்டு வந்தவன்" என்பார்கள். கடலையே பார்க்காத வாய்களுக்குச் சுறா என்றால் தனி ருசி. அந்தச் சுறாக் கதையைக் கிளப்பிவிட்டவனே ஹேமநாத்தான். அது பொய்.

அண்ணன் தம்பி இருவரும் நீந்தப் பழகியது சொந்தக் கிணற்றில். அப்பா போன பிறகு நிலம், நீர், கடன் எல்லாம் அம்மா சந்திரம்மா தலையில் விழுந்தது. மோட்டார் குழாயின் அடியில் குப்பை அடைத்துக்கொண்டால் அவள் ஆள் தேடி அலைய மாட்டாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு மேட்டில் நின்று கத்துவாள்: "மூச்ச வுடாத! வுட்டா செத்த! வேலய முட்ச்சிட்டு சர்ருனு மேல வந்துடு!" அந்தக் குரல் இருவருக்கும் ரத்தத்திலேயே ஊறிப்போனது. இதில் இளையவன் யஸ்வந்த் அண்ணனையும் மிஞ்சியவன்.

அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் ஹேமநாத்தை அந்தமானுக்குக் கொண்டுபோனது. ஆளில்லாத தீவுகளுக்குப் படகில் கூட்டிப்போய், முதுகில் காற்று சிலிண்டரோடு மூழ்கும் சுற்றுலாக்காரர்களுக்குச் சுறாவையும் மூழ்கிக் கிடக்கும் கப்பலையும் காட்டுகிற வேலை. தம்பியையும் வரவழைத்துக்கொண்டான். அங்கே முதல் பாடமே கிணற்றுக்கு நேர் எதிர். சிலிண்டர் போட்டால் மூச்சைப் பிடிக்கவே கூடாது. ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். அடக்கி வைத்தால் நுரையீரலைக் கிழித்துவிடும். யஸ்வந்த் படித்தான், பரீட்சையிலும் தேறினான். ஆனால் பயம் வரும்போது படித்ததா கைகொடுக்கும்? பழகினதுதான் முந்திக்கொண்டு வரும்.

அன்று ஒரு பழைய சரக்குக் கப்பலின் உடைந்த தளத்தில் சகோதரர்கள் இருவரும் இறங்கினார்கள். இருட்டறைக்குள் ஒதுங்கியிருந்த சுறா ஒன்று மிரண்டு, யஸ்வந்தை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தது. அவ்வளவுதான், கடிக்கவில்லை. யஸ்வந்த் மூச்சை அடக்கிக்கொண்டு, காலை உதைத்துச் சர்ரென்று மேலே போனான். அண்ணன் எட்டிக் காலைப் பிடித்தான். காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்புதான் கையோடு வந்தது. ஹேமநாத் மேலே போய்ச் சேர்ந்தபோது தம்பி வாயில் ரத்த நுரையோடு மிதந்தான். படகு கரை சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அம்மாவிடம் உண்மையைச் சொன்னால், பிள்ளையைக் கொன்றது எந்தக் குரல் என்று அவள் நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் சுறா கடித்தது என்றான். வேலையை விட்டுவிட்டுத் திருப்பதியில் ஆட்டோ ஓட்டத் தொடங்கினான்.

முதல் வருஷத் திவசம் முடிந்த மத்தியானம் சந்திரம்மா அவனுக்குச் சோறு போட்டபடியே கேட்டாள்.

"ஹேமா, அவனக் குளிப்பாட்னது நானு. ஆஸ்பத்திரித் தையல் தவிர ஒடம்புல ஒரு கீறல் இல்ல. சுறா எங்கடா கட்ச்சிது?"

ஹேமநாத் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான்.

"பயந்துக்கினு நீ ஓடியாந்துட்டியா? தம்பிய வுட்டுட்டு வந்துட்டியா? அத்த மட்டும் சொல்லு. ஒரு வருசமா இத்தயே நெனச்சிக்கினு இருக்கேன்."

ஹேமநாத் வாயைத் திறந்து இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று போய்ப் பாரம் அவள் தலைக்கு மாறிவிடும். பிறகு அவள் உயிரோடு இருப்பாளா?

"ஆமாம்மா. வுட்டுட்டு வந்துட்டேன்."

அவள் ரசத்தை ஊற்றி, "துன்னு" என்றாள். அதற்குப் பிறகு அவனை ஹேமா என்று கூப்பிட்டதே இல்லை.

இப்போதெல்லாம் குழாய் அடைத்துக்கொண்டால் கூலிக்கு ஆள் பிடிக்கிறாள். ஆள் உள்ளே இறங்கியதும் மேட்டில் நின்று அதே குரலில் கத்துகிறாள்: "மூச்ச வுடாத! வுட்டா செத்த!"

வீட்டிலிருந்தால் ஹேமநாத் அதைக் கேட்டதும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பிவிடுவான்.