கிராணியார் கூப்பிடாத பெயர்

படியில் ஏறி நின்றதும் கிராணியார் முதலில் தொண்டையைச் செருமுவார். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு அந்தச் செருமல்தான் முதலில் கேட்கிறது. பிறகுதான் மற்றவை வரும்: காலில் ஒட்டும் ஈரப் புல், பனியில் பாதி மறைந்து நிற்கும் சுண்ணாம்பு மலை, அதற்கு முன்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு வரிசையாக நிற்கும் கிழவர்களும் கிழவிகளும். விடிந்தும் விடியாத நேரம். அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, "இருக்கேன்யா", "இருக்கேன்யா" என்று வரிசையிலிருந்து பதில் வரும். வயதானவர்களைக் கோழி கூவும்போதே எழுப்பி நிறுத்திப் பெயர் கூப்பிட்ட ஆதரவு இல்லம் உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் இல்லத்தில் கூப்பிட்டோம்.

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் சாலையில், ஈயம் தோண்டி ஓய்ந்துபோன ஓரிடத்தில், சீனத் தொழிலாளர்கள் தங்கிவிட்டுப் போன நீளமான கொட்டகைதான் எங்கள் இல்லம். ஈப்போக் கடைக்காரர்கள் நாலைந்து பேரும் ஒரு பாதிரியாரும் சேர்ந்து, இருபதுகளின் நடுவில் அதைத் தொடங்கினார்கள். ரப்பர் தோட்டங்களில் உழைத்து உழைத்துக் கண் மங்கி, இடுப்பு ஒடிந்து, இனி வேலைக்கு ஆகமாட்டார் என்று தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட தமிழர்களுக்கான இடம் அது. வேலை பார்த்தவர்கள் மொத்தமே நான்கு பேர். பொறுப்பாளராகக் கிராணியார், சமையலுக்கு ஓர் அக்கா, ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போய்வர ஒரு மாட்டுவண்டிக்கார அண்ணன், புண்ணுக்கு மருந்து போட நான். கன்னிகாஸ்திரீகளிடம் கட்டுப்போடக் கற்றுக்கொண்டவள் நான். கல்யாணமான மறு வருஷமே விதவையாகி, இருபத்தைந்து வயதில் அங்கே வந்து சேர்ந்தேன். எல்லோரும் என்னை மருந்தம்மா என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

கிராணியார் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது கணக்கப்பிள்ளையாக, இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கறுப்புக் குடை, ஒரு சிரிப்புக்கும் இடம் கொடுக்காத முகம். சம்பளமே வேண்டாம் என்று சொல்லி இந்த வேலைக்கு வந்தார். தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டவனுக்கு வேலை உண்டு, அரிசி உண்டு. கூப்பிடப்படாதவனுக்கு ஒன்றும் கிடையாது. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்ததைப் பார்த்து நான் அவரிடம் சண்டை போட்டேன். "பாவம், தூங்க விடுங்களேன்" என்றேன். "ஒரு வாரம் விட்டுப் பாருங்கம்மா" என்றார். விட்டோம். கிழவர்கள் பாயில் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். பொழுது தொடங்கியதா இல்லையா என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. கஞ்சியை வைத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எட்டாம் நாள் நானே போய்ப் பெரட்டை மறுபடி வைக்கச் சொன்னேன்.

யாராவது இறந்துபோனால் அன்றைக்கே கிராணியார் புத்தகத்தில் அந்தப் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். அதைப் பெயர் வெட்டுவது என்று சொல்வார்கள். மறுநாள் வரிசையில் அடுத்து நிற்பவர் ஓரடி நகர்ந்து இடைவெளியை மூடிக்கொள்வார். யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

பால்வெட்டுத் தாத்தா என்று ஒருவர் இருந்தார். கிராணியார் வேலை பார்த்த அதே தோட்டத்தில் முப்பது வருஷம் பாலுக்காக ரப்பர் மரம் சீவியவர். கணுக்காலில் ஆறாத புண். ஒரு மழை மாதத்தில் புண்ணோடு காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, வண்டிக்கார அண்ணன் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்துப் பார்க்கப் போன அண்ணன், தாத்தா படுத்திருந்த கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். அவருக்கு அந்த இடமே பயம். வாசலில் நின்ற யாரையோ கேட்டாராம், அவன் கையை விரித்தானாம். "தாத்தா போய்ட்டாரு" என்று வந்து சொன்னார். கிராணியார் மறுபேச்சில்லாமல் பெயரை வெட்டினார். பதினாறாம் நாள் எல்லோருமாகச் சேர்ந்து இலை போட்டு, அவருக்குப் பிடித்த கருவாடும் சுருட்டும் வைத்துப் படைத்தார்கள். அவருடைய பாயை வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

படையல் முடிந்த இரண்டாம் நாள், நல்ல உச்சி வெயிலில், தாத்தா சாலையிலிருந்து நடந்து வந்தார். காலில் புதுக் கட்டு. கையில் ஒரு துணி மூட்டை. ஆஸ்பத்திரியில் வேறு கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள், இப்போது குணமாகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். நான் சந்தோஷத்தில் கையிலிருந்த பஞ்சைப் போட்டுவிட்டு ஓடினேன். என்னைத் தவிர ஒருவரும் அசையவில்லை. முற்றத்தில் புளி உருட்டிக்கொண்டிருந்த கிழவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா, "ஐயோ, உள்ள கூட்டிட்டு வராதலா! அவருக்குப் படைச்சாச்சு!" என்று கத்தினார்.

தாத்தா அப்படியே நின்றார். "எனக்குப் படைச்சாச்சா?" என்று என்னிடம் கேட்டார். ஊரில் மழை பெய்ததா என்று கேட்பது போலத்தான் கேட்டார். அவர் திரும்பிப் போய் முற்றத்துக் கோடியில் இருந்த ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்தார்.

மறுநாள் பெரட்டில் அவர் வரிசையின் கடைசியில், பக்கத்து ஆளிடமிருந்து நான்கு முழம் தள்ளி வந்து நின்றார். கிராணியார் புத்தகத்தில் இருந்த பெயர்களைக் கூப்பிட்டார், மூடினார், இறங்கிப் போனார். தாத்தா மரத்தடிக்குத் திரும்பினார். நான் கஞ்சி கொண்டுபோனேன். இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மாலையில் போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்தபடி. "சாப்பிடுங்க தாத்தா" என்றேன். "பேரு கூப்பிடலையே" என்றார். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் உதடு வெடித்திருந்தது. தண்ணீர் மட்டும் இரண்டு மிடறு குடித்தார். இன்னும் சில நாள் இப்படியே போனால் வண்டிக்கார அண்ணன் சொன்ன பொய் நிஜமாகிவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிழவர்களோ அவர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்வையைக்கூடத் திருப்பவில்லை. அவரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனார்கள். இல்லத்து நாய் எல்லோரையும் பார்த்து வாலாட்டும். அதுவும் அந்த மரத்தடிக்குப் போகாமல் இருந்ததை நான் கவனித்தேன். கவனித்ததை நினைத்து என்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று மத்தியானம் கிராணியாரின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "நாளைக்கு அவர் பேரைக் கூப்பிடப் போறீங்களா இல்லையா?" என்றேன்.

அவர் வெகுநேரம் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான். "தோட்டத்துல ஒரு வருஷம் காய்ச்சல் வந்துச்சும்மா. ஆஸ்பத்திரி வண்டியில ஏத்துற அன்னைக்கே பேர வெட்டிடுன்னாரு தொரை. போனவங்க யாரும் திரும்பல, நானும் வெட்டிட்டே வந்தேன். ஒருத்தன் மட்டும் திரும்பிட்டான். இருவது வயசுதான் இருக்கும். பெரட்டுல கடைசியில வந்து நின்னான். மூணு நாள் நின்னான். புஸ்தகத்துல பேரு இல்ல. நான் கூப்பிடல. நாலாம் நாள் நிக்கல."

"எங்க போனான்?"

"தெரியாது. நான் கேக்கல." பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தில் அப்படியொரு பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "இப்ப கடைசியில நிக்கிறவரப் பாத்தா எனக்கு அந்தப் பையன்தாம்மா தெரியுறான். பனியில மூஞ்சி சரியாத் தெரிய மாட்டேங்குது. நீங்க மருந்து போடுறீங்களே, கையத் தொட்டுப் பாத்தீங்களா? சூடா இருக்கா?"

"சூடா இல்லாம? உயிரோட இருக்கிற மனுஷன்! இன்னும் ரெண்டு நாள் போனா நம்ம எல்லாரையும் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏத்திடுவாங்க" என்று பொரிந்துவிட்டு வெளியே வந்தேன். வாசலைத் தாண்டும்போதுதான் உறைத்தது. தாத்தா திரும்பி வந்ததிலிருந்து நான் அவரைத் தொடவே இல்லை. ஓடிப் போனேன், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. கால் புண்ணின் கட்டை இடுக்கியால் பிரித்தேன், பஞ்சை இடுக்கியால் வைத்தேன். கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்துத் தள்ளினேன். ஜெபம் சொல்கிறவள், பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள், என் கை மட்டும் யாரையும் கேட்காமல் அப்படி நடந்துகொண்டிருந்தது. இப்போதே போய்த் தொட்டுவிட வேண்டும் என்று மரத்தடியை நோக்கி நடந்தேன். பாதி வழியில் அடுப்பில் வெந்நீர் கொதிப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாளும் அவர் பெயர் வரவில்லை. ஐந்தாம் நாள் பனி அதிகம். தாத்தா மரத்தில் சாய்ந்துகொண்டுதான் நின்றார். கிராணியார் கடைசிப் பெயரைக் கூப்பிட்டுப் புத்தகத்தை மூடினார். தாத்தாவின் பெயரை நான் உரக்கக் கூப்பிட்டேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. இத்தனை வருஷம் ஆகியும், காரணமில்லாமல் அதைக் கூப்பிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பெரட்டில் ஒரு பெண் குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. வரிசை முழுவதும் விறைத்து நின்றது.

தாத்தா, யாரைக் கூப்பிட்டார்கள் என்று பார்க்கிறவரைப் போல மெல்லத் திரும்பித் தன் பின்னால் பார்த்தார். உடனே வரிசையில் நின்ற எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பனிதான் இருந்தது. பனி என்றுதான் நினைக்கிறேன்.

கிராணியார் படியை விட்டு இறங்கினார். வரிசை நெடுகவும் நடந்து போய்த் தாத்தாவின் முன்னால் நின்றார். தொழிலாளி ஒருவரை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை. தாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே எங்கள் பக்கம் திரும்பி, "சூடா இருக்கு" என்றார். "சூடா இருக்கு, எல்லாரும் கேளுங்க, சூடா இருக்கு." பிறகு அவர் முகத்தைப் பார்த்து, ஒரு சாண் தூரத்திலிருந்து, அவர் பெயரைக் கூப்பிட்டார்.

தாத்தா அப்போதும் "இருக்கேன்" என்று சொல்லவில்லை. "ஐயா, எந்தம்பியும் பின்னால நிக்கிறான். அவன் பேரையும் வெட்டிட்டீங்க. அவனுக்கும் பசிக்கும்" என்றார்.

கிராணியார் பேர் என்னவென்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் அத்தனை வருஷமாக அது அவர் நாக்கிலேயே இருந்திருக்கிறது. பனியைப் பார்த்து அந்தப் பையனின் பெயரைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். தோட்டத்தில் நோயாளிக்காக அவன் வீட்டு ஆள் குரல் கொடுப்பது வழக்கம். தாத்தா குரல் கொடுத்தார். "இருக்கான்யா." அதற்குப் பிறகுதான் தனக்காகச் சொன்னார், "இருக்கேன்யா."

ஒவ்வொருவராக வந்து அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். நானும் தொட்டேன். எலும்பும் தோலுமாக, நெருப்பாகச் சுட்டது அந்தக் கை. இரண்டு தட்டு கேட்டார். ஒன்றில் அவர் சாப்பிட்டார், மற்றதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து நான்தான் இரண்டையும் எடுத்துக் கழுவினேன். இரண்டுமே காலியாகத்தான் இருந்தன. அவரே தின்றிருக்கலாம். கோழிகள் வேறு சுற்றிக்கொண்டிருந்தன. நான் யாரையும் கேட்கவில்லை.

அன்றைக்கே கிராணியார் இரண்டு பெயரையும் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு தாத்தா ஒரு தீபாவளியையும் ஒரு பொங்கலையும் பார்த்தார். அவர் போன அன்று கிராணியார் அவருடைய கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குளிர்ந்த பிறகே பெயரை வெட்டினார். தம்பியின் பெயரை மட்டும் வெட்டவில்லை. எந்தச் சாவைச் சொல்லி வெட்டுவது? தினமும் பட்டியலின் முடிவில் அதைக் கூப்பிட்டார், காத்திருந்தார். கடைசியில் யார் நிற்கிறார்களோ அவர்கள் குரல் கொடுத்தார்கள்.

இப்போது ஈப்போவில் நல்ல நல்ல முதியோர் இல்லங்கள் இருக்கின்றன. அப்படியொன்றில்தான் நானும் இருக்கிறேன். மின்விசிறி, சுத்தமான விரிப்பு, நேரத்துக்கு மாத்திரை. சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்கள். இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் தங்கமானவர்கள், என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் ஒருத்தியும் போக மாட்டாள். காலையில் பெயர் கூப்பிட ஆளில்லை என்று அவர்களிடம் குறை சொன்னால் சிரிப்பார்கள். அதனால் சொல்வதில்லை.

கிராணியார் மாரடைப்பில் போன மறுநாள், நான்தான் படியில் ஏறி நிற்க வேண்டியிருந்தது. அவர் பெயர் புத்தகத்தில் இருந்ததே இல்லை, அதனால் வெட்டவும் வழியில்லை. எல்லாப் பெயரையும் கூப்பிட்டேன். முடிவில் அந்தப் பையனின் பெயரையும் கூப்பிட்டேன். தலையைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன். "இருக்கான்மா" என்று ஒரு குரல் வந்தது. குரல் கொடுத்தது யார் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுப்படிக்குப் போய், ஒரு தட்டு கூடுதலாக வைக்கும்படி அக்காவிடம் சொன்னேன்.