எலுமிச்சைச் செடியில் பதினொன்று

1957 அக்டோபர் 12, சனி. எலுமிச்சைச் செடியில் புழுக்கள் பதினொன்று. மழை இல்லை.
அக்டோபர் 19, சனி. கூடு கட்டியவை நான்கு. தின்றுகொண்டிருப்பவை ஐந்து. எறும்பு கொண்டுபோனவை இரண்டு.
அக்டோபர் 20, ஞாயிறு. தீபாவளிக்கு மாமா வந்தார்.
அக்டோபர் 21, திங்கள். தின்றுகொண்டிருந்த ஐந்தும் கீழே விழுந்துவிட்டன. எறும்பு இல்லை. காரணம் தெரியவில்லை.
அக்டோபர் 22, செவ்வாய், தீபாவளி. ஒன்று வெளியே வந்தது.

கணியம்பாடிக்குத் தெற்கே இருந்த எங்கள் வீட்டில் எழுதப்பட்ட குறிப்பு இது. சொல்லி எழுதவைத்தவள் அக்கா. அவளுக்குப் பத்து வயது. எழுதியவன் நான், எட்டு வயது. என் கையெழுத்து அவளுடையதைவிடச் சற்றுத் தேவலை என்பதால் அந்தப் பதவி கிடைத்தது. இதில் ஒரு வாக்கியம் பொய்.

புழுதான் பட்டாம்பூச்சியாகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்ததை அக்கா வீட்டில் அறிவித்தபோது மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. ஆம்பூரில் தோல் கிடங்கு ஒன்றில் வேலை. எதையும் பந்தயமாக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

“இன்னா பாப்பா, ரீல் உடுற? காக்கா எச்சம் மாதிரி ஒட்டிகினு கெடக்குது. அதுக்கு ரெக்கை மொளைக்குமா?”

“மொளைக்கும் மாமா.”

“தீபாவளிக்குள்ள மொளைச்சா ஆம்பூர் செருப்பு ஒரு ஜோடி உனக்கு. மொளைக்கலன்னா?”

“ஒரு மாசம் உங்க கால புடிச்சு உடறேன்.”

“ஒரு மாசம் கம்மி. பொங்கல் வரைக்கும்!”

செருப்பு அன்று எங்கள் தெருவில் ஆண்களின் காலில் மட்டும் காணப்பட்ட பொருள். அக்கா அன்று மாலையே தரையில் பாதத்தை வைத்து, கரித்துண்டால் சுற்றிலும் கோடு போட்டு, அளவு எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போன்ற நாட்கள் என் வாழ்வில் அதிகம் வாய்த்ததில்லை. விடிந்ததும் செடிக்கு ஓடுவோம். எச்சம் போலக் கிடந்த புழு ஒருநாள் தோலை உரித்துவிட்டு இலைப் பச்சையாக நின்றது. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செம்மஞ்சள் கொம்பு இரண்டு நீண்டு, எலுமிச்சை நாற்றம் அடித்தது. “டேய், கோவம் வருதுடா அதுக்கு!” என்று அக்கா கத்துவாள். நானும் கத்துவேன். பிறகு ஒன்று தன்னை நூலால் குச்சியோடு கட்டிக்கொண்டு அசையாமல் போயிற்று. அன்று நாங்கள் பள்ளிக்குப் போகத் தாமதமாகி முட்டி போட்டோம். அதுவும் இன்பமாகவே இருந்தது.

பந்தயம் கட்டிய அதே முறைதான் மாமா அப்பாவுக்கு ஒரு தகர டப்பா கொண்டுவந்திருந்தார். காய்ந்த தோலில் வண்டு விழாமலிருக்கக் கிடங்கில் தூவும் வெள்ளைப் பொடி. “தோல் வண்டே சாவுது, கத்திரிப் புழு எம்மாத்திரம்?” என்றார்.

எங்கள் வீட்டில் செடிக்கு நோய் என்றால் அடுப்புச் சாம்பல். எறும்பு ஏறினாலும் அடுப்புச் சாம்பல். ஆகவே அப்பா பொடியையும் சாம்பல் போலவே நடத்தினார். பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, கழியின் நுனியில் தொங்கவிட்டு, பனி காயுமுன் கத்திரிப் பாத்தியெங்கும் தட்டிக்கொண்டு போனார். வெண்புகைக்குள் நாங்கள் புகுந்து புகுந்து ஓடினோம். நடுப்பகலுக்குள் செடியடியில் பூச்சிகள் உதிர்ந்து கிடந்தன. பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து பார்த்து வியந்தார்கள். அம்மா, “சாம்பல்னா இதுதான் சாம்பல்” என்றாள். டப்பா மாட்டுக் கொட்டகைப் பரணுக்குப் போயிற்று. தொட்டால் கையை ஒடிப்பதாக அப்பா சொன்னார்.

பிறகு எறும்பு இரண்டு புழுக்களை இழுத்துக்கொண்டு போனது. ஞாயிறன்று வந்த மாமா செடியை எட்டிப் பார்த்தார்.

“பதினொண்ணு ஒம்போதாச்சா? எறும்பு என் கட்சிம்மா! காலு இப்பவே வலிக்குது எனக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அன்று பொழுது சாயும் நேரத்தில், முறுக்கு சுடும் சந்தடியில், நான் பரணில் ஏறினேன். எறும்புக்குச் சாம்பல்; சாம்பலில் சிறந்தது அந்தப் பொடி. தண்டைச் சுற்றி வட்டம் போட்டேன். போதாதென்று தோன்றியது. இலைகளிலும் கிளைகளிலும் கை நிறையத் தூவினேன். அக்காவின் செருப்பைக் காப்பாற்றிவிட்ட பெருமிதத்தில் அன்று எனக்கு முறுக்கு கூட வேண்டியிருக்கவில்லை.

காலையில் பச்சைப் புழுக்கள் ஐந்தும் சுருண்டு மண்ணில் கிடந்தன. ஆனால் ஓர் எறும்புகூட இல்லை! கூடுகள் நான்கும் பத்திரம். நான் குதித்தேன். அக்கா செடியைச் சுற்றி வந்து, இலையைத் தடவி, விரலைப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுக்கச் சொன்னாள்.

“எறும்பு இல்லைன்னு எழுது. ஏன் இல்ல?”

“தெரியல.”

“அப்ப காரணம் தெரியவில்லைன்னு எழுது. நோட்டுல பொய் எழுதக் கூடாது.”

எழுதினேன். அவள் என் கையைப் பிடித்து முகர்ந்தாள். கிணற்றடிக்கு இழுத்துப் போய், சீயக்காய் போட்டு, சிவக்கும் வரை தேய்த்துக் கழுவினாள். “இந்தக் கையால எதையும் தின்னாத” என்றாள். அவள் கண்ணில் நீர் வந்தது. சீயக்காய் பட்டுவிட்டது என்றாள்.

தீபாவளியன்று எண்ணெய்க் குளியல் முடிந்து ஈரத் தலையோடு ஓடினோம். ஒரு கூடு வெடித்திருந்தது. கறுப்பில் மஞ்சள் புள்ளியிட்டு, ஈரமாக, கசங்கிய துணி போலத் தொங்கியது அது. நாங்கள் பார்க்கப் பார்க்க, இறக்கை முழுதும் விரிந்தது. “மாமா! மாமா!” என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. மாமா பல் துலக்கும் வாயோடு வந்து நின்றார்.

அது குச்சியில் நாலடி வைத்து மேலே ஏறியது. பிறகு நடுங்கிக் கீழே விழுந்து, மண்ணிலேயே சுற்றிச் சுற்றி வந்து அடங்கியது.

“வந்துச்சா இல்லையா? வந்துச்சு. அவ்ளோதான் பேச்சு,” என்றார் மாமா. “நான் தோத்தேன்டா சாமி, பேஜாரு!”

நாங்கள் ஜெயித்துவிட்டோம். அதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. மற்ற மூன்று கூடுகளும் திறக்கவேயில்லை. பொங்கலுக்குச் செருப்பு வந்தது. தேயும் வரை அக்கா போட்டுக்கொண்டாள். அந்தப் பொடி எங்கள் ஊர் வயல்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. வரப்புத் தும்பைப் பூக்களில் மொய்த்த பட்டாம்பூச்சிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்ததை யாரும் குறித்து வைக்கவில்லை. நோட்டு ஐந்து வரிகளோடு நின்றுவிட்டது. பின்னர் நான் வேதியியல் படித்து, வேதியியல் கற்பித்து, அந்தப் பொடியின் பெயரைக் கரும்பலகையில் பலமுறை எழுதினேன்.

அக்கா சென்ற தை மாதம் காலமானாள். அவள் பெட்டியிலிருந்த நோட்டை அவள் மகன் என்னிடம் கொடுத்தான். அப்பாவின் அடியிலிருந்து காப்பாற்றவே அன்று என் கையைக் கழுவினாள் என்றுதான், நோட்டைத் திறக்கும் வரை நான் நினைத்திருந்தேன். சீயக்காய் என்று சொன்னதையும் நம்பினேன்.

செய்யாமல் விட்டவை:
எலுமிச்சை நின்ற இடத்தில் இன்னொன்று நடுதல்.
அக்டோபர் 21-இன் கடைசி வாக்கியத்தைத் திருத்துதல்.
திருத்தியதை அக்காவிடம் படித்துக் காட்டுதல்.