ஒரே இடத்தில் தவறும் ரிவால்வர்

இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலத்தான் இருந்தன. ஒரே நீளம், ஒரே கறுப்பு, கைப்பிடியில் ஒரே மாதிரிக் கட்டம் போட்ட மரம். வெள்ளைக்காரன் ஓடும்போது விட்டுவிட்டுப் போன ரிவால்வர்கள். மேசைமேல் பழைய கோணிச்சாக்கை விரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நான் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, என் கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

கல்யாணத்துக்கும் ரிவால்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மலாயாவுக்கு ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம் அது. கோலா கெத்தில் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. பால் வாங்க ஆளில்லை. மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் மங்குகள் எல்லாம் மழைத்தண்ணீர் நிரம்பிக் கொசு வளர்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் மரவள்ளியை அவித்துத் தின்றோம், சுட்டுத் தின்றோம், மாவாக்கித் தின்றோம். "கிழங்கு திங்கிறோமா, கிழங்கு நம்மளத் திங்குதா?" என்று லயத்தில் ஒரு பேச்சே உண்டு. சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பயம் வேறு. அந்தச் சமயத்தில்தான் சுங்கை பட்டாணிக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு ரப்பர் ஆலையில், இந்திய விடுதலைக்குத் தொண்டர் பயிற்சி முகாம் ஒன்று திறந்தார்கள். நாட்டுப்பற்று எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே இரண்டு வேளை சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு அது இன்னும் கொஞ்சம் கூடியது.

முகாமில் சேர்வதற்கு முன்பே எனக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். சிடாம் கிரி பக்கத்துப் பெண். முகூர்த்தம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. முகாமில் சொல்லிவைத்தால் இரண்டு நாள் லீவு கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்களாம், யாருக்கும் லீவு கிடையாது என்று ஒருநாள் காலைப் பெரட்டில், ஆள் எண்ணும்போது, அறிவித்துவிட்டார்கள்.

முகாம் தலைவர் முன்பு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். நான் அவரிடம் போய் நின்றேன்.

"ஐயா, வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்."

"வாழ்த்துகள் தம்பி. ஆனா லீவு இல்ல."

"மாப்பிள்ளை இல்லாம எப்படிங்கையா?"

"ஒனக்குக் குடுத்தா இங்க இருக்கிற எழுபது பேருக்கும் அடுத்த வாரமே கல்யாணம் வந்துரும்." கொஞ்சம் யோசித்தார். "புதன்கிழமை புது ஆளுங்களுக்குச் சுடுற போட்டி வைக்கிறோம். ஜெயிக்கிறவனுக்குப் பத்து கெஜம் துணியும் ரெண்டு நாள் லீவும். ஜெயிச்சிட்டுப் போ."

அந்த நாளில் துணி என்றால் தங்கம். கோணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நடந்த காலம். எழுபது பேரும் துணிக்காகச் சுடப்போகிறார்கள். நான் ஒருவன்தான் தாலிக்காகச் சுடவேண்டும். நானோ அதுவரை பட்டாசுகூட அதிகம் வெடித்ததில்லை. இதற்கு நடுவில், பெண் வீட்டார் பக்கம் ஒரு வதந்தியும் கிளம்பியிருந்தது: மாப்பிள்ளை பட்டாளத்துக்கு ஓடிவிட்டான், இனி வரமாட்டான் என்று. வெள்ளிக்கிழமை நான் போய் நிற்காவிட்டால் வதந்தி உண்மையாகிவிடும். பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துவிடுவதாக என் மாமனார் ஆகவேண்டியவர் சொல்லியனுப்பியிருந்தார்.

எங்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பஞ்சாபி ஹவில்தார். அவருக்குத் தமிழ் வராது, எங்களுக்கு இந்துஸ்தானி வராது. நடுவில் மலாய்தான் பாலம். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. இரண்டு ரிவால்வரில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்த பிறகு மாற்றக்கூடாது. ஏன் என்றால், புதிதாகச் சுடுகிறவன் குறி தப்பினால் உடனே துப்பாக்கியைத்தான் திட்டுவான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை பஞ்சாபிலும் இருக்கிறது போல.

பார்க்க ஒன்றாக இருந்தாலும் தொட்டால் வித்தியாசம் தெரிந்தது. ஒன்றின் விசை வெண்ணெய் மாதிரி. விரல் பட்டதும் 'டிக்' என்று குதிரை விழும். மற்றதன் விசை கெட்டி. கிணற்றில் வாளி இழுப்பது போல இழுக்கவேண்டும். முதல் இரண்டு நாள் தோட்டா இல்லாமல்தான் பழக்கம். குழல்மேல் ஒரு காசை வைத்துவிட்டு, அது விழாமல் விசையை அழுத்தவேண்டும். காசு ஏது? ஜப்பான்காரன் காலத்தில் எல்லாம் வாழைமரம் அச்சடித்த நோட்டுதான். ஒருவன் தன் பெல்ட்டுக்குள் தைத்துவைத்திருந்த பழைய சதுர ஒரு சென்ட் காசை எடுத்துக்கொடுத்தான். அதில் வெள்ளைக்கார ராஜாவின் தலை இருந்தது.

"ராஜா மூஞ்சி கீழ இருக்கட்டும்டா, எவனாச்சும் பாத்துறப் போறான்" என்றான் காசுக்காரன்.

வெண்ணெய் ரிவால்வரில் ராஜா அசையாமல் படுத்திருந்தார். கெட்டி ரிவால்வரில் நான் ஒவ்வொரு முறை இழுத்தபோதும் ராஜா குப்புற விழுந்தார். எல்லாருக்கும் வெண்ணெய்தான் பிடித்தது. அதற்குச் செல்லப் பெண் போல 'சின்னம்மா' என்றும், கெட்டியானதற்கு 'மாமியார்' என்றும் பெயர் வைத்துவிட்டார்கள்.

முகாமில் எனக்கு நெருக்கமானவர் சுங்கை பட்டாணி ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர். முப்பது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய், பூனைபோல மெத்தென்ற கை. பட்டைத் தடவித் தடவி அந்த விரல்களுக்கு ஒரு தனிப் புத்தி வந்திருந்தது. சின்னம்மாவை எடுத்ததும் காசை விழவிடாமல் பத்துமுறை அழுத்திக் காட்டினார்.

"அண்ணே, ஒங்களுக்கு எதுக்கு லீவு?" என்று கேட்டேன்.

"லீவு யாருக்கு வேணும்? எனக்குத் துணி வேணும் தம்பி. கடையில துணி வந்து ஒரு வருசமாச்சு. சர்ருன்னு ஒரு தடவ கிழிச்சுப் பாக்கணும்போல இருக்கு."

"எனக்காகக் கொஞ்சம் விட்டுக்குடுக்கக் கூடாதா?"

"விட்டுக்குடுத்துத் தாலி கட்டுனா நாளைக்கு அந்தப் புள்ள ஒன்ன மதிக்குமா? சுட்டு ஜெயிடா!" என்று முதுகில் ஒன்று வைத்தார்.

திங்கட்கிழமை நிஜத் தோட்டா. ஆளுக்கு நாலு. ஒவ்வொரு ரிவால்வரிலும் இரண்டிரண்டு சுட்டுப் பார்த்துவிட்டு, எது வேண்டும் என்று முடிவு சொல்லவேண்டும். பெட்டிப் பலகையில் கரியால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம் போட்டு, பதினைந்து அடி தூரத்தில் ஒரு ரப்பர் மரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். எங்களில் பாதிப்பேர் பால்வெட்டுக்காரர்கள். மரத்தைக் கண்டதும் எங்கள் கைக்கு என்ன ஞாபகம் வந்ததோ தெரியவில்லை. விரலால் மட்டும் இழுக்கவேண்டியதை மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் சேர்ந்து இழுத்தன. பத்துப் பேர் சுட்டு முடித்ததும் பலகையைப் பார்த்தால், இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே வரைக்கும் சாய்வாக ஓட்டைகள். அச்சு அசலாக, பால் எடுக்க மரத்தில் இழுக்கிற வெட்டுக்கோடு. கீழே ஒரு மங்கு கட்டினால் பால் வடிந்திருக்கும்.

ஹவில்தார் பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். "இனி புக்கான் போக்கோ கெத்தா லா!" என்று கத்தினார். இது ரப்பர் மரம் இல்லையடா என்று அர்த்தம். பலகைக்குப் பின்னால் இருந்தது ரப்பர் மரம்தான் என்று எவனோ முணுமுணுக்க, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி கிளறும் என்பார்கள். பன்னிரண்டு வயதில் பால்வெட்டு உளி பிடித்தவன் நான். பத்து வருஷம். அந்தக் கை நாலைந்து நாளில் திருந்துமா?

என் முறை வந்தது. முதலில் சின்னம்மா. உளி பிடித்துக் காய்த்த விரல் எனக்கு. நுனியில் உணர்ச்சியே குறைவு. விரல் விசையில் பட்டதா இல்லையா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிட்டது. ஹவில்தாரின் பூட்சுக்கு முன்னால் மண் பறந்தது. இரண்டாவது தோட்டா மரத்தின் உச்சியில் எங்கோ போய் இரண்டு இலையை உதிர்த்தது. பிறகு மாமியார். அது எனக்குப் புரிந்தது. இழுக்கிறேன் என்று விரலுக்குத் தெரிந்தது. ஆனால் கூடவே தோளும் இழுத்தது. இரண்டு தோட்டாவும் வட்டத்துக்கு வெளியே, வலப்பக்கம் கீழே.

எல்லாரும் சிரித்தார்கள். "மாப்பிள்ளைக்கு இந்த வருசம் கல்யாணம் இல்லடா!"

பலகையின் அருகே போய்ப் பார்த்தேன். மாமியார் போட்ட இரண்டு ஓட்டைக்கும் நடுவில் ஒரு விரல் அளவுதான் இடைவெளி. இரண்டும் தப்பு. ஆனால் இரண்டும் ஒரே தப்பு. எனக்கு எங்கள் தோட்டத்துக் கங்காணி ஒருவர் ஞாபகம் வந்தார். "நாளுக்கொரு நேரம் காட்டுற கடியாரத்த நம்பாதே. பத்து நிமிசம் பிந்தியே ஓடுற கடியாரத்த நம்பலாம்" என்பார். அவருடைய கடிகாரம் அப்படித்தான் பத்து நிமிஷம் பிந்தி ஓடும். பெரட்டுக்கு ஒருநாளும் அவர் பிந்தியதில்லை.

"எது?" என்றார் ஹவில்தார். நான் மாமியாரைத் தொட்டுக் காட்டினேன்.

"மண்டையில அடிபட்டுச்சா தம்பி?" என்று ஜவுளி அண்ணன் என் காதருகே கேட்டார். "எல்லாரும் பொண்ணு கேக்குற வீட்டுல நீ போயி மாமியாரக் கேக்குறியே!"

"பொண்ணு எங்க போகும்னு தெரியலண்ணே. மாமியார் எங்க போவாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு."

செவ்வாய் முழுக்க மற்றவர்கள் கையைத் திருத்தப் பாடுபட்டார்கள். நான் கையைத் திருத்தவே இல்லை. தோட்டா இல்லாத ரிவால்வரை நீட்டி, எங்கே பார்த்தால் எங்கே போகும் என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பலகையின் இடப்பக்க மேல் மூலையில் ஓர் ஆணி இருந்தது. அந்த ஆணியைக் குறிவைத்தால் என் தோள் இழுக்கிற இழுப்பில் தோட்டா வட்டத்துக்கு வந்து சேரவேண்டும்.

புதன்கிழமை காலை ஆளுக்கு மூன்று தோட்டா. வெட்டுக்காரர்கள் எல்லாம் மறுபடியும் பலகையில் பால் வெட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். ஜவுளி அண்ணன் முதல் இரண்டு தோட்டாவையும் உள்வட்டத்தில் வைத்துவிட்டார். நானும் ஆணியைப் பார்த்துப் பார்த்து இரண்டை உள்ளே வைத்துவிட்டேன். முதல் தோட்டா விழுந்த இடத்தைப் பார்த்து என் வாயே திறந்துகொண்டது. மூடவில்லை.

அண்ணனின் மூன்றாவது. அதுவரை அமைதியாக இருந்த கூட்டம் அந்த நேரம் பார்த்து "அண்ணே, துணி! அண்ணே, துணி!" என்று கத்த ஆரம்பித்தது. துணியை நினைத்ததும் அந்த மெத்தென்ற விரல் பதறிவிட்டது. கையை முழுசாக நீட்டுவதற்குள் சின்னம்மா வெடித்தாள். வெளிவட்டத்தின் ஓரத்தில் ஓர் ஓட்டை.

"பாவி மவளே!" என்றார் அண்ணன் ரிவால்வரைப் பார்த்து.

ஆணியைப் பார்த்தேன். வாளி இழுப்பது போல இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். வெடித்தது. உள்வட்டத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டு, உள்ளே.

கூட்டம் என்னைத் தூக்கிவிட்டது. ஆனால் ஹவில்தார் சந்தேகத்தோடு வந்தார். என் குழல் வட்டத்தைப் பார்க்கவேயில்லை என்று அவர் கவனித்திருந்தார். எங்கே பார்த்துச் சுட்டாய் என்று மலாயில் கேட்டார். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று நம்மவர்களே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் விரல் தானாகவே ஆணியைக் காட்டிவிட்டது.

ஹவில்தார் நெற்றியில் அறைந்துகொண்டார். இது சுடுவதே இல்லை, செல்லாது என்று தலைவரிடம் போய்க் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். சிடாம் கிரியில் யாரோ ஒருவன் என் மாலையைப் போட்டுக்கொள்வது கண்ணுக்குத் தெரிந்தது.

தலைவர் பலகையை எடுத்துப் பார்த்தார். மூன்று ஓட்டையையும் விரலால் தொட்டார்.

"ஹவில்தார்ஜி, பரிசு தோட்டா போன எடத்துக்குத்தான். கண்ணு போன எடத்துக்கு இல்ல" என்று முதலில் தமிழில் எங்களுக்காகவும் பிறகு மலாயில் அவருக்காகவும் சொன்னார். என்னிடம் திரும்பி, "திரும்பி வந்ததும் ஒழுங்காச் சுடக் கத்துக்கணும். சரியா?" என்றார். தலையை ஆட்டிய வேகத்தில் கழுத்தே சுளுக்கிக்கொண்டது.

பத்து கெஜம் முரட்டு வெள்ளைத் துணி. அதை அண்ணன் முன்னால் வைத்து, "நீங்களே கிழிங்கண்ணே" என்றேன். ஆறு கெஜம் சேலைக்கு, நாலு கெஜம் அவருக்கு. அவர் முழங்கையால் அளந்தார், ஓரத்தைப் பல்லால் கடித்தார், இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. சர்ர்ர்ரென்று ஆலை முழுக்கக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "போதும்டா தம்பி. இன்னும் ஒரு வருசம் தாங்கும்."

முகாமில் இரவல் வாங்கிய சைக்கிளின் டயருக்குள் டியூப் கிடையாது. ரப்பர் கழிவைத் திணித்துக் கட்டியிருந்தார்கள். அதில் ஏறி வியாழன் மத்தியானம் சிடாம் கிரி போய்ச் சேர்ந்தபோது என் உடம்பிலிருந்த எலும்பெல்லாம் இடம் மாறியிருந்தன. வாசலில் நின்ற மாமனார் என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓடிப்போயிட்டீங்கன்னு சொன்னாங்களே?" என்றார்.

"சுட்டுட்டு வரேன் மாமா" என்றேன். அவர் சட்டென்று ஒதுங்கி வழி விட்டார். வீட்டுக்காரப் பெண்கள் துணியை வாங்கி மஞ்சளில் முக்கி, விடிவதற்குள் காயவைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. தோட்டத்துக் கோவில். மேளத்துக்குத் தகரம். தாலியை என் கையில் கொடுத்தார்கள். அவள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள், ஈர மஞ்சள் வாசனையோடு. கை எப்படியும் வலப்பக்கம் கீழே சரியும், அது நமக்குத் தெரிந்த கைதானே என்று, கொஞ்சம் இடப்பக்கமாக, கொஞ்சம் மேலே கொண்டுபோனேன். பாழாய்ப்போன கை அன்றைக்கென்று சரியவில்லை. தாலிக்கயிறு போய் அவள் காதோரம் கனகாம்பரத்தில் மாட்டிக்கொண்டது.

கூட்டம் சிரித்தது. அவள் தலை நிமிரவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கீழ... இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள்.

அவள் சொன்ன இடத்தில் கட்டினேன்.