சாப்பிட்டால் வலிக்கும் தோள்

செஞ்சியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் பாடம் நடத்தியவன் நான். மேலே நெஞ்சறை, கீழே வயிற்றறை, நடுவில் உதரவிதானம் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். போன ஆண்டு ஒரு நாள் என் மனைவி, "சாப்ட்டா வலது தோளு வலிக்குதுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சோறு வயித்துக்குப் போவுதா, தோளுக்குப் போவுதா? நடுவுல தடுப்பு இருக்குதுடி."

"அது உங்க படத்துல இருக்குது. எனக்கு வலிக்குதே!"

ரேஷன் அரிசிப் பையைத் தூக்கியதால் வந்த சுளுக்கு என்று நானே முடிவுகட்டி, பத்து நாள் தைலம் தேய்த்தேன். பதினோராம் நாள் அவள் காய்ச்சலில் நடுங்கினாள். விழுப்புரத்துக்குக் கொண்டுபோனேன். பித்தப்பையில் சீழ் பிடித்திருந்தது. உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது, அதனால் கீழே புண் வந்தாலும் வலி தோளில் தெரியும் என்றார் மருத்துவர். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொன்னார். அந்த நரம்பைப் பற்றி நானும் படித்தவன்தான். ஆனால் சொன்னவள் என் மனைவி என்பதால் அது நினைவுக்கு வரவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து அவள் கண் விழித்ததும், "நீ சொன்னத நான் நம்பல. தப்பு என்னுதுதான்" என்று குலுங்கி அழுதேன்.

"வாத்தியாரு ஃபெயிலு" என்றாள் மெல்ல. நான் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

"சிரிப்பு காட்டாதீங்க, தையலு இழுக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.