மலையில்லாத மாப்பிள்ளைப் படம்

எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த தரகர் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரர். மேலே சோளக்காட்டுக் கடைவீதியில் நின்று நான் எடுத்துக்கொண்ட படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னார்: "ஆளு பரவால்லீங்க. பின்னால இருக்குற மலைய மட்டும் எடுத்துருங்க."

கொல்லிமலையை எடுத்துவிடச் சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். காரணம் இருந்தது. அடிவாரத்துக் குடியானவர்கள் தினமும் இந்த மலை முகத்தில்தான் விழிக்கிறார்கள். மிளகு வாங்குவார்கள், பலாப்பழம் வாங்குவார்கள், பெண்ணை மட்டும் மேலே அனுப்பமாட்டார்கள். நானோ கரூர்ப் பக்கத்திலிருந்து வந்து மலைமேல் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்திருப்பவன். நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவன். அதுவரை வந்த ஜாதகமெல்லாம் கொண்டை ஊசி வளைவு என்றதுமே திரும்பிப் போயிருந்தது.

"மொதல்ல அவங்க ஊட்டுக்குள்ள போய் உக்காந்துக்கலாங்க. வேலை எங்கன்னு அப்புறம் பேசிக்கலாம்" என்றார் தரகர்.

மலையை எடுக்கும் வேலையை எங்கள் அலுவலகக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஏற்றுக்கொண்டார். திருநெல்வேலிக்காரர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படத்தை ஏற்றி ஒரு பொத்தானைத் தட்டினார். மலை போனது. கடைகள் போயின. கூடவே என் தலைமுடியும் போனது. அன்று காலையில் பனி இறங்கியிருந்தது. எது மூடுபனி, எது முடி என்று கணினிக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் எனக்கே அந்தச் சிரமம் உண்டு.

"ஆண்டவரே" என்றார் அவர். "சார், அறுபதாம் கல்யாணத்துப் படம் மாதிரில்லா இருக்கு."

"அதுக்காச்சும் ஆகுமுங்களான்னு பாருங்க."

அவர் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முடியாக மீட்டுக் கொடுத்தார். அதிக நேரம் பிடிக்கவில்லை, இருந்தது அவ்வளவுதான். பின்னாலிருந்த கடையில் மிச்சமாகித் தோளில் ஒட்டிக்கொண்டிருந்த பலாப்பழத் துண்டைத் துடைத்தார், காதோரத்தைச் சீவினார், பின்னால் இளநீலம் பூசினார். மலை இருந்த சுவடே இல்லை.

பெண் வீட்டில் வரச்சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கீழே இறங்கும்போது, எனக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்றே நம்பினேன். நான் அடித்த ஜோக்குகளிலேயே பெரியது அதுதான்.

பெண்ணின் அப்பா மரவள்ளிக் காட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். செல்போனில் என் படத்தைத் திறந்து அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போட்டோ எப்ப எடுத்ததுங்க?"

"போன மாசந்தானுங்க."

"போன மாசம் இங்க நாய்கூட நெழலுக்கு ஓடுச்சு. நீங்க ஸ்வெட்டர் போட்டுட்டு நிக்கறீங்க. மேலதான வேலை, தம்பி?"

கூட வந்திருந்த தரகர் காபி வருகிறதா என்று உள்பக்கம் எட்டிப் பார்த்தார். மேலே நாங்கள் ஸ்வெட்டரைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு அலைகிறவர்கள்; அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒவ்வொரு முடியாகப் பார்த்த கணினி அம்மாவும் நானும் கழுத்துக்குக் கீழே பார்க்கவில்லை.

"சீக்கிரம் மாறுதல் வந்துருமுங்க" என்றேன்.

"வரட்டுங்க. உங்க மேல ஒரு கொறையும் சொல்லமாட்டேன். புள்ளைய மேல ஏத்தி அனுப்புனா இவ அம்மா அழுதே போயிருவா. மாறுதல் ஆர்டரோட வாங்க, பேசலாம்."

பெண் கடைசிவரை வெளியே வரவில்லை. காபி வந்தது. நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்வது.

மறுநாளே மாறுதல் மனுவோடு மேலதிகாரி முன்னால் போய் நின்றேன். அவர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கீழ இருக்குற எடமே கொஞ்சம். பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு இங்க வந்து கெடக்குறவங்களுக்குத்தான் மொதல்ல குடுக்கணும். நீ ஒத்த ஆளு. ஒரு கல்யாணத்தப் பண்ணிட்டு வாப்பா, நானே எழுதித் தர்றேன்."

"சரிங்க சார்" என்றேன்.

மேசைக்கு வந்து தரகரைக் கூப்பிட்டேன். "ஆர்டர் வந்துருச்சுங்களா?" என்றார். இல்லை என்றேன்.

"அப்ப வந்தப்பறம் கூப்புடுங்க."

"சரிங்க" என்று அவருக்கும் சொன்னேன். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது.