மாண்டியா லைசென்ஸும் தஞ்சாவூர் எட்டும்

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, திருவையாற்றுக்கு வடக்கே மூன்று கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போய் வந்தேன். போக மொத்தமே பதினைந்து கிலோமீட்டர். இதையும் ஒரு பயணம் என்று எழுத வந்துவிட்டாளா என்று கேட்காதீர்கள். காசிக்குப் போனபோதுகூட எனக்கு இவ்வளவு படபடப்பு இருந்ததில்லை. கர்நாடகாவில் எடுத்த டிரைவிங் லைசென்ஸை இந்த ஊருக்கு மாற்றப் போன பயணம் இது. என்னைப் போல மாநிலம் விட்டு வீடு மாறி வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முப்பது வருடம் மாண்டியாவில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு சர்க்கரை ஆலையில் வேலை. அவர் போன பிறகு, மகள் வாழ்க்கைப்பட்ட ஊரிலேயே, அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பார்த்து வந்துவிட்டேன். எங்களோடயே இருங்களேன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை.

மாப்பிள்ளை தங்கமானவர். "எங்க போகணும்னாலும் சொல்லுங்கத்தை, நான் கொண்டு விடறேன்" என்பார். சொன்னால் வரவும் வருவார். ஆனால் அவருக்கு ரைஸ் மில்லில் வேலை, நினைத்த நேரத்துக்குக் கிளம்ப முடியாது. ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போகக் காலை ஒன்பது மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் வரும்போது பன்னிரண்டு. நெல் லாரி சேற்றில் சிக்கிக்கொண்டதாம். அவர் மேல் தப்பே இல்லை. ஆனால் மாண்டியாவில் நினைத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் நான். மாப்பிள்ளைக்கு வேலை சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எனக்குப் பழக்கமில்லை. அடுத்த வாரமே பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கினேன்.

லைசென்ஸில் முகவரியை மாற்றச் சொல்லிப் பேத்தியிடம் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அஞ்சாவதோடு நின்றுபோன நான் இந்த வலைப்பூவில் டைப் அடிக்கிறேன் என்றால் அவள் பழக்கிவிட்டதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன். அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது எக்ஸ்பயரி ஆகி ஒண்ணரை வருஷம் ஆச்சு" என்றாள்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயத்தில் தேதி தாண்டியிருக்கிறது. ஒரு வருடத்துக்குள் போயிருந்தால் புதுப்பித்துக் கொடுத்திருப்பார்கள். அதற்கு மேல் போய்விட்டதால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். அதாவது அறுபத்து மூன்று வயதில் எட்டு போட வேண்டும்.

"விட்டுடுங்கத்தை. வண்டியைக் குடுத்துடலாம். அதான் நான் இருக்கேன்ல" என்றார் மாப்பிள்ளை. அன்பாகத்தான் சொன்னார். எட்டு போடும்போது ஒரே ஒரு தடவை கால் ஊன்றினாலும் பெயில், வண்டி போய்விடும், அப்புறம் ஆயுசுக்கும் அவர் வரும் நேரம்தான் என் நேரம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவர் அம்மா, என் சம்பந்தி, பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மறுநாள் விடியற்காலையில் என் வாசலில் வந்து நின்று, "வாங்க சம்பந்தி, களத்துக்குப் போவோம்" என்றார்.

குறுவை அறுவடைக்கு நாள் இருந்ததால் நெல் காயவைக்கிற சிமெண்டுக் களம் சும்மா கிடந்தது. சம்பந்தி கோலப்பொடி டப்பாவைத் திறந்து, குனிந்து, புள்ளி வைத்து, வைத்த கையை எடுக்காமல் ஒரு எட்டு போட்டார். அவ்வளவு அழகான எட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அதில் வண்டி திரும்புமா என்று சந்தேகமாக இருந்தது.

"இவ்வளவு சின்னதாவா இருக்கும் சம்பந்தி?"

"இதுக்கு மேல போட்டா எட்டு மாதிரி இருக்காதுங்க. ஓட்டிப் பாருங்க."

எட்டுக்கு அளவு உண்டு என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. மாண்டியாவில் போட்டது எப்போதோ, மறந்துபோயிற்று. மூன்று வாரம் தினமும் பழகினேன். ரோட்டில் ஓட்டவில்லை, களத்தோடு சரி. முதல் வளைவு தேறும், இரண்டாவதில் கால் தன்னால் தரைக்குப் போய்விடும். "காலை எடுங்க, காலை எடுங்க" என்று சம்பந்தி வரப்பிலிருந்து கத்துவார். அவர் சைக்கிள்கூட ஏறாதவர். கடைசி நாள்வரை பத்துக்கு ஒரு தடவைதான் சுத்தமாக வந்தது.

அந்தப் புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு நானும் சம்பந்தியும் டவுன் பஸ் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வண்டியை மாப்பிள்ளை முன்னால் ஓட்டிப் போனார். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து பாலம் தாண்டவேண்டும், எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் ஒவ்வொன்றாக வர்ணித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு எல்லாம் எட்டாகத்தான் தெரிந்தது. எட்டேகாலுக்குப் பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், வேட்டியும் துண்டுமாக டிராக்டர் லைசென்ஸுக்கு வந்தவர், என் பழைய அட்டையை எட்டிப் பார்த்தார்.

"மாண்டியாவா? தண்ணியை வெச்சுக்கிட்டு ஆளை மட்டும் அனுப்பறாங்களா?"

சுற்றிலும் சிரிப்பு. சம்பந்தி விடவில்லை. "இவங்க வந்த வருஷம்தாங்க மேட்டூரு நேரத்துக்குத் திறந்துச்சு. இவங்களைத் திருப்பி அனுப்பிடாதீங்க, அப்புறம் சம்பாவுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அப்ப அம்மாவை முன்னால விடுங்கப்பா" என்றார் அவர். நிஜமாகவே வழி விட்டார்கள்.

மைதானத்துக்குள் போனதும் நான் முதலில் எட்டைத் தேடினேன். வெள்ளைக் கோடு எங்கேயோ போய் எங்கேயோ திரும்பியது. அதுதான் எட்டு என்று ஆய்வாளர் காட்டியபோது, எங்கள் களத்தில் போட்டதைப் போல மூன்று அதற்குள் அடங்கும் என்று தோன்றியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். முதல் வளைவு வந்தது, போனது. இரண்டாவது வளைவு வரும் வரும் என்று காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போனேன். அது பாட்டுக்கு வந்து முடிந்துபோயிற்று. நம்ப முடியாமல் இன்னொரு சுற்றும் போனேன்.

"போதும்மா, போதும். நிறுத்தச் சொன்னா நிறுத்தணும்" என்றார் ஆய்வாளர். குறித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க, அட்டை தபால்ல வரும்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் வண்டியை ஸ்டாண்ட் போடச் சம்பந்தியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

வெளியே மரத்தடியில் டீ குடிக்கும்போது மாப்பிள்ளை அவர் அம்மாவிடம், "களத்துல அவ்வளவு சின்ன எட்டை ஏன்மா போட்டே?" என்று கேட்டார். "நீ ஒருநாள் வந்து பார்த்திருந்தா பெருசா போட்டிருப்பேன்" என்றார் சம்பந்தி. மாப்பிள்ளை டீயை ஊதிக் குடித்தார்.

இனி உங்களுக்கு. இன்றைக்கே உங்கள் லைசென்ஸின் தேதியைப் பாருங்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாத காலமென்றால் கட்டாயம் பாருங்கள். புது ஊருக்கு வந்ததும் ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டால் மற்றதெல்லாம் அதை வைத்து நடக்கும். என் வயதுக்காரர்களுக்கு மருத்துவச் சான்று வேண்டும். காலாவதியான லைசென்ஸ் என்றால் பழகுநர் உரிமம் எடுக்கச் சொல்வார்களா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்குள் போய்விட்டால் பதினொன்றுக்குத் திரும்பலாம். எட்டு பழகுவதற்கு முன் மைதானத்தில் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். தேதியைப் பார்க்காததற்கு அடுத்து நான் செய்யாமல் விட்டது அதுதான். செய்திருந்தால் மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அட்டை பத்தாம் நாள் வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சம்பந்தி தன் பங்குக்கு ஒரு ஹெல்மெட்டோடு வந்து நின்றார். முட்டி வலிக்கு வைத்தியரைப் பார்க்க வேண்டுமாம், ஆறு மாதமாக மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஒன்பதரைக்கெல்லாம் பார்த்துவிட்டு, எண்ணெய் பாட்டிலோடு குடமுருட்டிப் பாலத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். என் பையில் போன் அடித்தது. பின்னாலிருந்து சம்பந்தி கையை விட்டு எடுத்தார்.

"உன் மாமியார் வண்டி ஓட்டறாங்கடா, இப்ப பேச மாட்டாங்க" என்றார் மகனிடம். "என்ன விஷயம், என்கிட்ட சொல்லு."