ஒல்லாந்துப் புடவைக்காரர்

தரம் ஏழுக்கு, உயிர்களின் மிகச் சின்ன அலகான கலங்கள் பற்றிய பாடம் எடுக்கும்போதெல்லாம், உயிருள்ள கலத்தை முதன்முதலில் கண்ட மனிதர் ஒரு புடவை வியாபாரி என்று தேவைக்கு அதிகமாகவே சத்தம் போட்டுச் சொல்கிறேன். டீச்சருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். சொல்ல வேண்டிய நாளில் சொல்லாமல் விட்டதற்குத்தான் இந்தச் சத்தம் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

எங்கள் வாப்பா புடவை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பலாபத்வல, நாவுல என்று பஸ் ஏறி, வீடு வீடாக விற்றவர். எங்கள் பக்கத்தில் புடவை என்றால் எல்லாத் துணியும்தான்; சாரம், சீத்தை, சீருடைத் துணி எல்லாம் அந்த மூட்டைக்குள் இருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போவார். "நேத்து ஒங்க வாப்பா எங்க வாசல்ல ஒக்காந்து தண்ணி வாங்கிக் குடிச்சாரு" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

பன்னிரண்டு வயதில், மாத்தளையில் நான் படித்த பாடசாலையின் விஞ்ஞான தினத்துக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். டீச்சர் எழுதித் தந்த பேச்சில்தான், உயிருள்ள கலத்தை முதன்முதலில் கண்ட அந்த ஒல்லாந்துப் புடவைக்காரர் வந்தார். பெரிய படிப்பு இல்லாதவர். கடையில் துணியின் இழைகளைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி வில்லை வைத்திருந்தவர். பிறகு தானே வில்லைகள் செய்து, குளத்துத் தண்ணீரை ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருக்கிறார். அதற்குள் குட்டிக் குட்டி உயிர்கள் நீந்தின. அவற்றில் பல ஒரே கலத்தால் ஆனவை. படித்த பெரியவர்கள் முதலில் அவரை நம்பவேயில்லையாம்.

வீட்டில் நான் இதைப் பாடமாக்கியபோது, துணி மடித்துக்கொண்டிருந்த வாப்பாவின் கை நின்றது.

"அந்த மனுசரு பொடவக்காரரா மகள்?"

"ஆமா வாப்பா."

"அந்த எடத்த இன்னொருக்கா சொல்லுங்க பாப்பம்."

அன்றிலிருந்து தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்தப் பேச்சை முழுவதும் கேட்பார். நான் தடுமாறுகிற இடத்தில் அவரே அடுத்த வரியை எடுத்துக்கொடுப்பார். ஒரு காலையில் சாரம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இழைகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். போகிற வீடுகளிலெல்லாம் மகள் பேசப்போகிற கதையைச் சொல்லிவைத்தார்.

விஞ்ஞான தினத்தன்று முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, எல்லாம் சரிதான். ஆனால் பேச்சு முடிந்த கையோடு நாவுலைக்குப் போகவிருந்ததால், மூட்டையையும் கொண்டுவந்து கால்களுக்கு நடுவில் வைத்திருந்தார். பின்னால் என் வகுப்புப் பிள்ளைகள் அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். மேடையிலிருந்து எனக்கு அந்த மூட்டை மட்டும்தான் தெரிந்தது.

அந்த இடம் வந்தது. வாப்பா முன்னால் சாய்ந்தார். எனக்கு முந்தி அவருடைய உதடுகள் அசைந்தன.

"உயிருள்ள கலத்தை முதன்முதலில் கண்டவர்," என்றேன், "ஒல்லாந்து நாட்டுப் பேராசிரியர் ஒருவர்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். வாப்பாவின் உதடுகள் நின்றுவிட்டன. மிச்சப் பேச்சை ஒரு பிழையும் இல்லாமல் ஒப்பித்து முடித்தேன். பலமாகக் கைதட்டினார்கள், வாப்பாவும் தட்டினார். நான் அவர் பக்கம் பார்க்காமல் மேடையை விட்டு இறங்கினேன்.

பஸ் நிறுத்தம் வரை அவரோடு போனேன். அவர் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏன் மகள், அந்த மனுசரு பொறகு படிச்சிப் பேராசிரியரா வந்துட்டாரா?"

"ஆமா வாப்பா."

"மாஷா அல்லாஹ். அப்ப சரி."

நாவுல பஸ் வந்தது, மூட்டையோடு ஏறிப் போனார். வாப்பா நம்பிவிட்டார், தப்பித்தேன் என்று நிம்மதியாகத் திரும்பி நடந்தேன். அந்தப் பேச்சு என்னைவிட அவருக்குத்தான் நன்றாக மனப்பாடம். நான் தடுமாறிய இடத்தில், அன்றைக்கு பஸ் நிறுத்தத்திலும் அவரேதான் அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.